மீசையைக் குறைக்கச் சொன்ன மிஸ்ஸி

என் கணவர் பதினெட்டு வயதிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்த மீசையைப் பத்தே நிமிடத்தில் பாதியாகக் குறைக்க வைத்தவர் ஒரு மிஸ்ஸி. மருத்துவிச்சிகளையும் தாதிமாரையும் திருகோணமலையில் நாங்கள் அப்போது மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இவருடைய சொந்தப் பெயர் என் அட்டையில் எத்தனையோ முறை கையெழுத்தாக விழுந்தது. ஆனாலும் அந்தப் பெயரால் அவரை நான் ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது எழுத உட்கார்ந்தாலும் மிஸ்ஸி என்றுதான் வருகிறது.

இரண்டாம் உலக யுத்த காலம். துறைமுகம் கொள்ளாத கப்பல்கள். எங்கள் வீடு உள்துறைமுகத்துக்குக் கிட்ட இருந்தது. கணவருக்குத் துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கர் உத்தியோகம். உத்தியோகத்தை விட மீசை பெரிது என்று எங்கள் ஒழுங்கையில் பகிடி பண்ணுவார்கள். நான் இரண்டாவது பிள்ளைக்கு நான்கு மாதமாக இருந்தபோது மிஸ்ஸி முதல் முறையாக வந்தார். ஐம்பத்தெட்டு வயதிருக்கும். ஓய்வு பெற்றவரை, இளம் மருத்துவிச்சிகள் குண்டுக்குப் பயந்து ஊர்களுக்குப் போய்விட்டதால், திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். கறுப்புக் குடை, கறுப்புப் பெட்டி, மார்பில் ஊசி குத்தித் தொங்கவிட்ட சின்னக் கடிகாரம். கணவரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். இவர் மறுமொழி சொன்னார். மிஸ்ஸி இவர் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“தம்பி, உங்கட மீசை கதையை மறைக்குது. கொஞ்சம் குறைச்சுப்போட்டு வந்து சொல்லுங்கோ.”

இவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். மிஸ்ஸி சிரிக்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இவர் போய்வரும் வரை காத்திருக்கத் தயாராக உட்கார்ந்துவிட்டார். இவர் என்னைப் பார்த்தார், நான் முகட்டைப் பார்த்தேன். கடைசியில் கத்தரிக்கோலையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். திரும்பி வந்தபோது மேலுதடு தெரிந்தது. கலியாணம் கட்டி மூன்று வருடத்தில் நானும் அதை அன்றுதான் கண்டேன்.

“ஆ, இப்ப சொல்லுங்கோ” என்றார் மிஸ்ஸி.

அவர் கேட்ட கேள்வி, எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பா என்பதுதான்.

காது மந்தம் என்பதை அவர் மறைக்கவில்லை. வீட்டுக்குள் வந்ததும் கதிரையை இழுத்து யன்னலுக்கு முதுகு காட்டிப் போடுவார். வெளிச்சம் எங்கள் முகத்தில் விழவேண்டும். வாயில் வெற்றிலையோடு கதைக்க வருபவர்களைத் துப்பிவிட்டு வரச்சொல்லித் திருப்பி அனுப்புவார். இரண்டு பேர் ஒன்றாகக் கதைத்தால் சந்தியில் நிற்கும் பொலிஸ்காரரைப் போலக் கையை உயர்த்துவார். கிண்ணியாவில் சில பெண்கள் வெட்கத்தில் முக்காட்டை வாய்க்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு கதைப்பார்களாம். ஆண்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, மிஸ்ஸியே இரண்டு விரலால் அந்தத் துணியை இறக்கிவிடுவாராம். “என்ர பிள்ளையைப் பாக்க வந்த ஆள், என்ர வாயைப் பாத்தா என்ன” என்று அவர்களும் விட்டுவிடுவார்களாம்.

காது மந்தமானவர்களோடு கத்திக் கதைப்பது எங்கள் ஊர் வழக்கம். மிஸ்ஸிக்கு அது பிடிக்காது.

“கத்தாதேயுங்கோ தங்கச்சி. கத்தினாச் சத்தம் பெருக்குது, சொல் உடையுது. முகத்தைக் காட்டி ஆறுதலாச் சொல்லுங்கோ, காணும்.”

எண்ணெய் காய்ச்சி விடச்சொல்லி ஒருவர், உள்ளிச்சாறு விடச்சொல்லி இன்னொருவர் என்று ஊரெல்லாம் அவருக்கு வைத்தியம் சொல்லும். “டாக்குத்தரிட்டைக் காட்டிக் கழுவிப் பாத்தனான். அழுக்கில்லையாம். உள்ளுக்க வயசுதான் இருக்காம்” என்று சிரிப்பார். அடுத்த வீட்டு மாமி, அவர் படியிறங்கும்போது, செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஒரு நாள் சொல்லிவைத்தார். யாரோ அதை மிஸ்ஸியிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். அடுத்த கிழமை வந்தவர் நேரே மாமி வீட்டு வாசலில் நின்றார்.

“சங்கெண்டா எனக்கு வடிவாக் கேக்கும், ஊதிப் பாருங்கோ. உங்களைப் போலக் கீச்சுக் குரலுகள்தான் கேக்காது.”

அவரிடம் ஒரு குணம். அதைச் சொல்லத்தான் இவ்வளவும். கேட்காத ஒன்றைக் கேட்டது போல அவர் தலையாட்ட மாட்டார். காது மந்தமானவர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். நாலு பேர் சிரித்தால் அவர்களும் சிரிப்பார்கள், ‘ஓம் ஓம்’ என்பார்கள், கதை அவர்களைத் தாண்டிப் போய்விடும். மிஸ்ஸியிடம் ஒரு பகிடியைக் கூட அப்படித் தாண்டவிட முடியாது. கணவர் ஒரு முறை வெள்ளைக்காரத் துரை ஒருவரைப் பற்றிய பகிடி ஒன்றைச் சொன்னார். நாங்கள் சிரித்தோம். மிஸ்ஸி, “எனக்குக் கேக்கேல்லை, திருப்பிச் சொல்லுங்கோ” என்றார். இவர் திருப்பிச் சொன்னார். “துரை எண்டு விளங்கினது, பிறகு?” மூன்றாம் முறை சொல்லும்போது அந்தப் பகிடியில் இவருக்கே பிடிப்பில்லாமல் போய்விட்டது. மிஸ்ஸிதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சொன்னதைத் திருப்பிச் சொல்லி, “இதுதானே சொன்னீங்கள்?” என்று கேட்டு, நாங்கள் ஓம் என்ற பிறகுதான் அடுத்த அலுவல்.

இரவில் பிள்ளைப்பேற்றுக்குக் கூப்பிட வருபவர்கள் கதவைத் தட்டினால் அவருக்குக் கேட்காது. அதற்கும் வழி வைத்திருந்தார். கால் பெருவிரலில் ஒரு கயிறு, அதன் மறுநுனி யன்னல் வழியாக வெளியே. ‘மெல்ல இழுக்கவும்’ என்று ஒரு பலகை. மனைவி நோவில் கிடக்கும்போது எந்த மனிசன் மெல்ல இழுப்பான்? மிஸ்ஸி காலை நொண்டிக்கொண்டு வந்தால் முதல்நாள் இரவு எங்கேயோ பிள்ளை பிறந்திருக்கிறது என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

இவ்வளவு பிடித்த மனிசிக்கு எதிராகத்தான் நான் மேலிடத்துக்கு முறையிட்டுப் பெட்டிசம் எழுதினேன்.

காரணத்தைச் சொல்லவேண்டும். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது நான் முதற்பிள்ளைக்கு ஏழு மாதம். ஊரோடு சேர்ந்து நாங்களும் ஓடினோம். தோப்பூரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் பிள்ளை பிறந்தது. அழவில்லை. அதற்கு மேல் அதை எழுத என்னால் முடியாது.

ஆகவே இரண்டாவது பிள்ளைக்கு, மிஸ்ஸி வரும் நாளிலிருந்து அடுத்து வரும் நாள் வரை ஒரு எண்ணிக்கையை வைத்துக்கொண்டுதான் நான் உயிர் வாழ்ந்தேன். மரத்தால் கடைந்த சின்னக் குழல் ஒன்று அவரிடம் இருந்தது. விரிந்த பக்கத்தை என் வயிற்றில் வைத்து, மறுபக்கத்தில் காதை அழுத்திக் குனிவார். ஒரு கையில் கடிகாரம். நிமிர்ந்து, “நூற்று நாற்பது. நல்ல துடிப்பு” என்பார். எண்ணை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்த நூற்று நாற்பதைத் தின்று நான் இரண்டு கிழமை கிடப்பேன்.

ஆறாம் மாதத்தில் ஒரு நாள் பகல் சைரன் ஊதியது. நாங்கள் வளவில் வெட்டியிருந்த பதுங்குகுழிக்குள் இறங்கினோம். வேலி ஓட்டையால் தெருவைப் பார்த்தால், மிஸ்ஸி குடையை விரித்துக்கொண்டு நடுத்தெருவில் வருகிறார். நாய்கள் எல்லாம் சைரனோடு சேர்ந்து ஊளையிடுகின்றன. அவரோ பெட்டிக்கடையில் வாழைப்பழக் குலையை நின்று பார்க்கிறார். ஒரு சிப்பாய் ஓடிவந்து கையைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துப் போனான். விமானம் ஒன்றும் வரவில்லை. ஆனால் சைரன் ஓய்ந்த பிறகும் நான் குழியை விட்டு ஏறவில்லை. ஊரையே எழுப்பும் சைரன் கேட்காத காதுக்கு, ஒரு கையளவுகூட இல்லாத என் பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பா கேட்டிருக்கும்? அந்த நூற்று நாற்பது எங்கேயிருந்து வந்தது?

கணவரிடம் சொன்னேன். “அவ நல்ல மனிசி. பொய் சொல்லமாட்டா” என்றார் இவர்.

“நல்ல மனிசி எண்டதுக்காகப் பிள்ளையைக் குடுக்க ஏலுமோ?”

எங்கள் ஊர்களில் மனம் கொதித்தால் இரண்டு வழி. ஒன்று, கோயிலில் தேங்காய் உடைப்பது. மற்றது பெட்டிசம் எழுதுவது. கொன்வென்ட்டில் படித்த எனக்கு இரண்டாவது நன்றாக வரும். இவருக்குத் தெரியாமல், பெயர் போடாத மொட்டைப் பெட்டிசம் ஒன்றைப் பெரிய டாக்குத்தருக்கு ஆங்கிலத்தில் எழுதினேன். இந்த மருத்துவிச்சிக்குக் காது கேளாது, கேட்டதாகச் சொல்லி எண்களை எழுதுகிறார், தாய்மாரின் உயிரோடு விளையாட்டு என்று நீட்டினேன். ஆதாரம் இல்லாத பெட்டிசத்துக்கு மதிப்பில்லை அல்லவா? ஆகவே ஆதாரமும் வைத்தேன். தன் காது கேளாத குறைக்காக, மதிப்புள்ள கிளாக்கர் ஒருவரைத் தன் மீசையைக் கத்தரிக்கச் செய்தார் என்று. கீழே ‘தாய்மார்’ என்று எழுதி, நானே கொண்டுபோய்த் தபாலில் போட்டேன்.

பத்து நாள் கழித்து வாசலில் கார் நின்றது. பெரிய டாக்குத்தரும் மிஸ்ஸியும் இறங்கினார்கள். டாக்குத்தர் கதிரையில் அமர்ந்து என் கணவரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மீசை இன்னும் வளரேல்லைப் போல” என்றார்.

இவர் விளங்காமல் மேலுதட்டைத் தடவினார். எனக்கு விளங்கியது. அவசரக்காரிக்குப் புத்தி மட்டு. மொட்டைப் பெட்டிசத்துக்கு என் கையாலேயே மீசை வைத்திருக்கிறேன்.

டாக்குத்தர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் பைக்கடிகாரத்தை எடுத்து மிஸ்ஸியின் காதுக்குப் பக்கத்தில் பிடித்தார். 

“கேக்கேல்லை” என்றார் மிஸ்ஸி.

டாக்குத்தர் அவருக்குப் பின்னால் போய் நின்று ஏதோ மெல்லச் சொன்னார். எனக்குக் கேட்டது.

“நீங்கள் கதைக்கிறீங்கள் எண்டு தெரியுது, டாக்குத்தர். என்ன எண்டு கேக்கேல்லை.”

ஒவ்வொன்றுக்கும் அவர் தயங்காமல் அப்படிச் சொல்லச் சொல்ல நான் எழுதியது உண்மை என்று ஆகிக்கொண்டிருந்தது. அது எனக்கு வேண்டியிருக்கவில்லை. அது உண்மையானால், என் பிள்ளை?

பிறகு என்னைப் படுக்கச் சொன்னார்கள். டாக்குத்தர் குழலை வைத்துக் கேட்டு, ஒரு துண்டுக் கடுதாசியில் எழுதி மடித்து என் கணவரிடம் கொடுத்தார். அடுத்தது மிஸ்ஸி. ஒரு கையில் கடிகாரம், மறுகை விரல் தன் நாடியில். அவர் முகம் என் வயிற்றோடு இருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் மூச்சு விடாமல் கிடந்தேன். எழுதி, மடித்து, அவரும் கொடுத்தார். கணவர் இரண்டையும் விரித்தார்.

டாக்குத்தருடையது நூற்று நாற்பத்து நான்கு. மிஸ்ஸியுடையது நூற்று நாற்பத்து மூன்று.

டாக்குத்தர் என் பக்கம் திரும்பினார். “வயசு போகப் போக முதல் போறது கூரான சத்தங்கள். மணிக்கூட்டுச் சத்தம், குருவி, பொம்பிளையள் பிள்ளையளின்ர குரல். பிறகு பிறகு மற்றதுகளும். அடிச் சத்தம் கடைசியிலதான் போகும். பிள்ளையின்ர நெஞ்சு அடிச் சத்தம். அது இவவுக்கு இன்னும் கேக்குது.” மிஸ்ஸியிடம் முகத்தைக் காட்டிச் சொன்னார்: “ஆனா இனித் தனியாப் போகக்கூடாது. பிள்ளை பிறக்கேக்கை காது கேக்கிற ஒரு ஆள் பக்கத்தில நிக்க வேணும். தெருவிலயும்.”

“ஓம், டாக்குத்தர். அதுதான் சரி” என்றார் மிஸ்ஸி.

டாக்குத்தர் போன பிறகு மிஸ்ஸி தேத்தண்ணி குடிக்க இருந்தார். கணவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். நான் அவருக்கு முன்னால் போய், முகத்தில் வெளிச்சம் விழும்படி நின்றுகொண்டு சொன்னேன்.

“மிஸ்ஸி, அந்தப் பெட்டிசம் நான்தான் எழுதினனான்.”

“தெரியும் தங்கச்சி. வாசிச்சனான். நல்ல இங்கிலீசு.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அழாதேயுங்கோ. ரெண்டு வரிசமா ஒவ்வொரு வயித்திலயும் காதை வைக்கேக்கை, கேக்கிறது பிள்ளையோ, என்ர நெஞ்சோ எண்டு பயந்து பயந்துதான் வைச்சனான். அதுக்குத்தான் என்ர நாடியையும் பிடிச்சுக்கொண்டு எண்ணிறது. ஆரட்டைப் போய் என்னைச் சோதிச்சுப் பாருங்கோ எண்டு கேக்கிறது? வேலையும் போயிடும் எண்டு ஒரு பயம். நீங்கள் எழுதினது நல்லதாப் போச்சு.”

பிறகுதான் அவர் அந்தக் கதையைச் சொன்னார். காது மந்தமாகத் தொடங்கிய காலத்தில், ஒரு வீட்டில் பிள்ளை பெற்ற பெண் படுத்தபடி ஏதோ சொல்லியிருக்கிறாள். திரும்பவும் கேட்க வெட்கப்பட்டு மிஸ்ஸி ‘ஓம், ஓம்’ என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். இரத்தம் நிற்கவில்லை என்றுதான் அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். விடிய ஆளனுப்பிக் கூப்பிட்டபோது பாதி உயிர்தான் இருந்ததாம். எப்படியோ பிழைத்துக்கொண்டாள்.

“அண்டையோட தலையாட்டிறதை விட்டிட்டன்” என்றார் மிஸ்ஸி. கோப்பையைக் கையில் எடுத்து, மிச்சத்தைக் குடித்து முடித்தார். படலையடியில் போய்த் திரும்பி நின்று, “ஆனா மீசையை எழுதியிருக்கக்கூடாது, தங்கச்சி” என்றார்.

அந்தப் பிள்ளை ஒரு மத்தியானத்தில் பிறந்தது. பெண். டாக்குத்தர் சொன்னபடி அடுத்த வீட்டு மாமி பக்கத்தில் நின்றார். ஆனால் மிஸ்ஸி மாமியைப் பார்க்கவில்லை. பிள்ளையின் மார்பில் கையை வைத்துக்கொண்டு என் முகத்தைத்தான் பார்த்தார்.

“அழுகுதோ?”

“ஓம் மிஸ்ஸி, அழுகுது. நல்லா அழுகுது.”

“எப்பிடி அழுகுது?”

“கோபமா.”

“அப்ப உங்கட பிள்ளைதான்” என்றார். அவர் கையில் ஏந்தி எடுத்த அத்தனை பிள்ளைகளில், கடைசி எத்தனை பேரின் முதல் அழுகையை அவர் இப்படி மற்றவர் வாயால் கேட்டிருப்பாரோ என்று நினைத்து அன்று முழுக்க நான் கலங்கிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது யுத்தம் முடியும் தறுவாய். இருட்டடிப்புக்காக யன்னலில் ஒட்டியிருந்த கறுப்புக் கடுதாசிகளை நாங்கள் கிழிக்கத் தொடங்கியிருந்தோம். மிஸ்ஸியோடு இப்போது எப்போதும் ஒரு இளம் மருத்துவிச்சி வருவாள். பயிற்சி முடித்து வந்த, அதிகம் கதைக்காத பெட்டை. தெருவில் மிஸ்ஸியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வருவாள்.

எனக்கு எட்டாம் மாதம். அன்று காலை எழும்பியதிலிருந்து பிள்ளை அசையவில்லை என்று மனதில் ஒரு பயம். நித்திரையாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மத்தியானம் வரை மிஸ்ஸியின் வரவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்ததும் சொன்னேன். “காலமை தொடக்கம் அசையேல்லை, இதுதானே சொன்னீங்கள்?” என்றார். ஓம் என்றேன். குழலை வைத்துக் குனிந்தார்.

கேட்டார். குழலை நகர்த்தி வைத்தார். மறுபடியும் கேட்டார். மறுகாதை மாற்றி வைத்தார். தன் நாடியைப் பிடித்த விரல் மட்டும் அசையாமல் இருந்தது. எனக்குத் தோப்பூர் வீட்டின் கூரை கண்ணுக்கு முன்னால் வந்தது. நூற்று நாற்பது என்று சொல்லிவிடுங்கள் மிஸ்ஸி, பொய்யென்றாலும் சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அந்தப் பெட்டையும் நம்பியிருப்பாள்.

மிஸ்ஸி நிமிர்ந்து, என் முகத்தை நேரே பார்த்தார்.

“தங்கச்சி, எனக்குக் கேக்கேல்லை. பிள்ளையிலயோ, என்ர காதிலயோ எண்டு தெரியேல்லை.” உடனே பெட்டையிடம் திரும்பினார். “நீ வை. கெதியா.”

பெட்டை முழந்தாளில் இருந்து குழலை வைத்தாள். நான் அவள் புருவத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் முகம் மலர்ந்தது.

“இருக்கு மிஸ்ஸி! நல்லா இருக்கு!”

மிஸ்ஸிக்கு அது போதவில்லை. சேலைத் தலைப்பை ஒதுக்கி, முன்கையை அவள் பக்கம் நீட்டினார். 

“வாயால சொல்லாதை. இதில தட்டு.”

பெட்டை காதைக் குழலில் வைத்தபடியே, ஒரு விரலால் அந்தக் கையில் தட்டத் தொடங்கினாள். மெல்லிய, அவசரமான தட்டு. மிஸ்ஸி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உதட்டை அசைத்து எண்ணினார். என் பிள்ளை அவர் தோலில் துடித்துக்கொண்டிருந்தது. நான் சத்தமாக அழுதேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

“நூற்று முப்பத்தாறு” என்றார். என் காலடியில் கட்டிலில் அமர்ந்து தலைப்பால் முகத்தைத் துடைத்தார். “பயந்திட்டீங்களோ?”

“ஓம் மிஸ்ஸி.”

“நானும்.”

அட்டையை எடுத்து எண்ணை எழுதினார். கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்ததும் பேனை நின்றது. அட்டையையும் பேனையையும் பெட்டையிடம் நீட்டினார்.

“நீங்களே போடுங்கோ மிஸ்ஸி” என்றாள் அவள், கையை நீட்டாமல்.

“கேட்டது நீ” என்றார் மிஸ்ஸி. “உன்ர பேரைப் போடு.”